இறகுப்பந்து: புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் ஆடும் உள்ளரங்கில் காலை ஐந்தரை மணிக்கு விளக்கு எரியும். ஆறு மணிக்குள் புதியவர் ஒருவராவது வந்து ஏதாவது கேட்பார். ஆண்டுக்கணக்கில் வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுத்தில் வைக்கிறேன். விதிகள், கருவிகள், அடிக்கும் முறை என்று தனித்தனியாகப் படித்தால் எல்லாம் வெறும் மனப்பாடமாகிவிடும். ஐந்து கிராம் எடையுள்ள அந்தப் பந்து காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபட்டுவிட்டால், மற்றவை தாமாகவே புரியும். அதனால் பெயர்க் குழப்பத்தை முடித்த கையோடு நேராக அங்கே போய்விடுகிறேன்.

ஷட்டில், இறகுப்பந்து, பூப்பந்து: மூன்றும் ஒன்றா?

ஷட்டிலும் இறகுப்பந்தும் ஒன்று. பூப்பந்து வேறு ஆட்டம். கம்பளி நூலால் ஆன பந்தை வைத்து, பக்கத்துக்கு ஐந்து பேராக, பெரும்பாலும் திறந்த வெளியில் ஆடுவது பூப்பந்து. அது தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடி வளர்த்த விளையாட்டு. இறகு வைத்த பந்து காற்றடித்தால் தடுமாறும், கம்பளிப் பந்து அவ்வளவு தடுமாறாது. வெளியில் ஆட அது பொருத்தமாக இருந்ததற்கு அதுவே காரணம். செய்தித்தாள்களில் சில நேரம் இரண்டையும் பூப்பந்து என்றே எழுதிவிடுகிறார்கள். நம் மண்ணில் பிறந்த ஆட்டத்தின் பெயரை அதற்கே விட்டுவைப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

இறகுப்பந்துக்கு விதி எழுதும் வேலை பிரிட்டிஷ் இந்தியாவில், புனாவில் இருந்த படை அதிகாரிகளிடையே 1870களில் தொடங்கியது. பாட்மிண்டன் என்ற பெயர் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் பியூஃபர்ட் பிரபுவுக்குச் சொந்தமான மாளிகையின் பெயரிலிருந்து வந்தது.

ஷட்டில் ஏன் மற்றப் பந்துகளைப் போலப் பறப்பதில்லை?

ஒரு புது ஷட்டிலை டியூப்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அரைக்கோள வடிவில் ஒரு தக்கை, மேலே மெல்லிய தோல். அதில் வட்டமாகச் செருகிய 16 இறகுகள். தண்டுகளைச் சுற்றி இரண்டு வரிசை நூல்கட்டு. ஒவ்வோர் இறகும் பக்கத்து இறகின் மேல் கொஞ்சம் ஏறி, கூரை ஓட்டைப் போல அடுக்கியிருக்கும். மொத்த எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடைதான்.

எடையில் பெரும்பகுதி தக்கையில் இருக்கிறது. காற்று பிடித்து இழுப்பதோ பின்னால் விரிந்த இறகுப் பாவாடையை. அதனால் நீங்கள் எப்படி அடித்தாலும் கனமான தக்கை முன்னால் வந்துவிடும், இறகு பின்னால் போய்விடும். ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்தில் தக்கை உங்களைப் பார்த்துத்தான் இருக்கும். நொடியில் மிகச் சிறிய பங்கில் அது தலைகீழாகத் திரும்பி, இரண்டு மூன்று முறை ஆடி, நேராகிவிடும். அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாத அளவு வேகம். ஆனால் வலையோரம் மெதுவாக உருட்டிவிடும் அடியில் அதை நன்றாகப் பார்க்கலாம். ஷட்டில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இறங்கும், எதிராளி தக்கை கீழே வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, காற்றின் தடை. பந்தின் வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கிரிக்கெட் பந்துக்கு அதன் எடை துணை நிற்கும், ஷட்டிலுக்கு அந்தத் துணை இல்லை. மாடியிலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். கொஞ்ச தூரம் விழுந்ததும் மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. என்ற வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எத்தனை மாடி இருந்தாலும் வேகம் கூடாது.

உயரமாக அடித்த ஷட்டில் நீளமாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல் தோன்றி, பிறகு செங்குத்தாக விழுவதும் இதனால்தான். கல்லை எறிந்தால் ஏறிய வளைவும் இறங்கும் வளைவும் ஒரே மாதிரி இருக்கும். ஷட்டிலின் பாதை அப்படி இருக்காது. புதியவர்கள் பந்து இன்னும் பின்னால் போகும் என்று நினைத்து ஓடி, தங்களுக்கு முன்னால் அது சரிவதைப் பார்த்து நிற்பார்கள். கண்ணுக்கு இந்தப் பாதை பழக ஓரிரு வாரம் ஆகும்.

ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) 500 கி.மீ. வேகம் என்கிறார்களே. அதை எப்படித் திருப்பி எடுக்கிறார்கள்?

வேகம் உண்மைதான். ஆந்திரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையின் உள்ளரங்கில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பிய உடனே அளந்த வேகம். மேலே சொன்ன காற்றுத் தடை அடுத்த கணமே வேலையைத் தொடங்கிவிடும்.

ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒரு முறை ஷட்டிலின் வேகம் பாதியாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 300 கி.மீ. வேகத்தில் கிளம்பியது 3 மீட்டரில் 150, 6 மீட்டரில் 75, 9 மீட்டரில் 40க்கும் கீழே. பின்கோட்டருகே அடித்த ஸ்மாஷ் உங்களை வந்து சேர்வதற்குள் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். பழகிய கைக்கு அந்த நேரம் போதும். இதே கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. பின்கோட்டுக்கு ஒட்டி நின்று அடிக்கும் ஸ்மாஷ் பாதி பலத்தைக் காற்றுக்கே கொடுத்துவிடும். இரண்டடி முன்னால் பிடித்து அடித்தால் குறைந்த பலத்திலேயே அது கடினமாகப் போய் விழும். தோள் வலிக்க வலிக்கப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இறகா, நைலானா?

முதல் மூன்று மாதங்களுக்கு நைலான் போதும். நம் ஊர்களில் மேவிஸ் 350 என்ற பெயர் நைலான் ஷட்டிலுக்கே பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. ஒரு நைலான் பல நாள் தாங்கும். நன்றாக அடிப்பவர்கள் ஆடினால் ஓர் இறகு ஷட்டில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தாண்டாமல் போகலாம். செலவுக் கணக்கை நினைத்தால் தேர்வு எளிது.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி பறப்பதில்லை. வேகமாக அடித்தால் நைலான் பாவாடை காற்றின் அழுத்தத்தில் சுருங்கும். சுருங்கினால் தடை குறையும், அதனால் பின்கோடுவரை விரைந்து போகும். இறகு அவ்வளவு சுருங்காது. அது சீக்கிரம் வேகம் இழந்து, இறுதியில் செங்குத்தாக விழும். வலையோர ஆட்டத்தின் நுணுக்கம் இறகில்தான் கைக்கு வரும். போட்டிகளில் ஆட நினைப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது இறகில் ஆடிப் பழக வேண்டும்.

இறகுகள் வாத்துச் சிறகிலிருந்து வருபவை. ஒரு ஷட்டிலில் உள்ள பதினாறும் ஒரே பக்கச் சிறகைச் சேர்ந்தவை. அதனால்தான் அவை ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன, ஷட்டிலும் பறக்கும்போது எப்போதும் ஒரே பக்கமாகச் சுழல்கிறது. மேற்கு வங்கத்தில் உலுபேரியா வட்டாரத்தில் இந்த வேலையைக் குடும்பம் குடும்பமாகக் கையால் செய்துவருகிறார்கள். ஒன்று உடையும்போது எனக்கு அந்தக் கைகளின் நினைவு வராமல் இருப்பதில்லை.

டியூப் மேல் 76, 77 என்று எண் போட்டிருக்கிறதே?

அது வேகத்தின் எண். எண் கூடினால் ஷட்டில் வேகமானது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, ஷட்டிலைக் குறைவாகத் தடுக்கும். ஆகவே சென்னை, மதுரை வெயிலுக்கு மெதுவான எண் வேண்டும், குளிர் ஊர்களுக்கு வேகமானது வேண்டும். கடல் மட்டத்திலிருந்து உயர உயரவும் காற்று அடர்த்தி குறையும் என்பதால் மலை ஊர்களில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைலானில் எண்ணுக்குப் பதில் தக்கையைச் சுற்றி நிறப் பட்டை இருக்கும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது.

சரியான வேகமா என்று பார்க்க விதிப்புத்தகமே ஒரு சோதனை சொல்கிறது. பின்கோட்டில் நின்று, கீழ்க்கையால் முழுப் பலத்தோடு, பக்கக்கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 செ.மீ. முதல் 99 செ.மீ. வரை முன்னால் விழுந்தால் அது சரியான ஷட்டில்.

இறகு காய்ந்துபோனால் நொறுங்கும். ஆடுவதற்கு முந்தைய இரவு டியூப்பின் இரண்டு மூடிகளையும் திறந்து கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடிகள் காட்டி மூடி வைத்தால் கூடுதலாகத் தாங்கும். நெடுநேரம் காட்டினால் எடை ஏறிவிடும்.

எந்த ராக்கெட் வாங்குவது? நரம்பு எவ்வளவு இறுக்கமாக?

விலை அதிகமானது வேண்டாம். ராக்கெட்டின் எடையை யூ என்ற எழுத்தால் குறிப்பார்கள். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84 கிராம். தொடங்குபவருக்கு 4யூ, தலைப்பகுதி கனமாக இல்லாத சமநிலை ராக்கெட் நல்லது. தலைப்பகுதி கனமானது ஸ்மாஷுக்கு உதவும், ஆனால் கையைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

நரம்பு விஷயத்தில் நான் நேரடியாகப் பட்டவன். ஆட ஆரம்பித்த இரண்டாம் ஆண்டில், பெரிய ஆட்டக்காரர்கள் 30 பவுண்டு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு 28 பவுண்டு போடச் சொன்னேன். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். கிளியர் (எதிர்ப்பக்கப் பின்கோடுவரை உயரமாக அனுப்பும் அடி) அடித்தால் பந்து பாதிக் களத்தைத் தாண்டவில்லை. இரண்டு மாதத்தில் முழங்கை வலி வந்து ஆறு வாரம் உட்கார்ந்தேன். நரம்பு தளர்வாக இருந்தால் அது உள்வாங்கி உந்தித் தள்ளும், நடுவில் சரியாகப் படும் இடமும் அகலமாக இருக்கும். இறுக்கினால் உந்தும் வேலை உங்கள் கையைச் சேரும், கூடவே அதிர்வும். 22 முதல் 24 பவுண்டுக்குள் தொடங்குங்கள். கையில் வேகம் வந்த பிறகு ஒவ்வொரு பவுண்டாக ஏற்றுங்கள்.

ஓடுவதற்குப் போடும் ஷூ போதாதா?

போதாது. ஓடும் ஷூ முன்னோக்கிப் போவதற்காகச் செய்தது, குதிகால் உயரமாக இருக்கும். இந்த ஆட்டத்தில் பாதி நேரம் பக்கவாட்டில் தாவுகிறோம். உயரமான அடிப்பாகம் ஒருக்களித்தால் கணுக்கால் பிசகும். கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஷூ, பிறகு ராக்கெட். தட்டையான, தரையில் கறை படியாத ரப்பர் அடிப்பாகம் என்று கேட்டு வாங்குங்கள்.

களத்தின் அளவுகள்?

நீளம் 13.40 மீட்டர். அகலம் ஒற்றையருக்கு 5.18, இரட்டையருக்கு 6.10 மீட்டர். வலையின் உயரம் ஓரங்களில் 1.55 மீட்டர், நடுவில் 1.524. முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர் தள்ளி. கோட்டின் மேல் விழுந்தாலும் உள்ளேதான்.

புள்ளிக் கணக்கு எப்படி?

2006இல் வந்த முறையைத்தான் நம் அரங்குகளில் ஆடுகிறோம். யார் சர்வீஸ் போட்டாலும், அந்த ரேலியை (சர்வீஸிலிருந்து பந்து விழும்வரை நடக்கும் அடிகளை) வென்றவருக்குப் புள்ளி. 21 எடுத்தவர் கேமை வெல்வார். 20-20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 வரை போய்விட்டால் 30ஆவது புள்ளி முடிவு செய்யும். மூன்றில் இரண்டு கேம் வென்றவர் வெற்றியாளர். ஒருவர் 11 எடுத்ததும் 60 நொடி இடைவேளை, மூன்றாவது கேமில் அப்போதே பக்கமும் மாற வேண்டும்.

சர்வீஸில் எது தவறு?

சண்டை அதிகம் வருவது இங்கேதான். ராக்கெட் தொடும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். 2018க்கு முன்னால் இடுப்புக்குக் கீழே என்று இருந்தது. ஒவ்வொருவர் இடுப்பும் ஒவ்வோர் உயரம், நடுவருக்கும் கண்ணளவு, ஆகவே ஒரே அளவாக்கினார்கள். முதலில் தக்கையில் பட வேண்டும். இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழாமல், இழுபடாமல் இருக்க வேண்டும். ராக்கெட்டை முன்னே கொண்டுவரத் தொடங்கியபின் நிறுத்தி ஏமாற்றக் கூடாது.

2023இல் ஒரு புதுத் தந்திரம் வந்தது. விரல்களால் ஷட்டிலைச் சுழற்றி விட்டு சர்வீஸ் போட்டார்கள். அது கண்டபடி தள்ளாடிப் போனதால் எதிராளியால் எடுக்கவே முடியவில்லை. உலகக் கூட்டமைப்பு விரைவிலேயே தடை விதித்தது. சர்வீஸிலேயே ஆட்டம் முடிந்துபோனால் பார்ப்பதற்கும் ஆடுவதற்கும் என்ன மிச்சம்? சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சர்வீஸ் வலையின் மேல்விளிம்பில் பட்டு உரிய கட்டத்தில் விழுந்தால் அது செல்லும். டென்னிஸில் போல மறுபடி போடக் கேட்க முடியாது.

இரட்டையரில் யார் எங்கே நிற்பது? எத்தனை முறை சொன்னாலும் குழம்புகிறது.

இரண்டே விஷயம். சர்வீஸ் போடும் அணியின் புள்ளி இரட்டைப்படையானால் வலப்பக்கத்திலிருந்து, ஒற்றைப்படையானால் இடப்பக்கத்திலிருந்து. சர்வீஸ் போட்டுப் புள்ளி எடுத்த அணி மட்டுமே தங்களுக்குள் இடம் மாறும், வேறு யாரும் எப்போதும் மாறுவதில்லை.

நீங்களும் உங்கள் தோழியும் ஆடுகிறீர்கள். 0-0, நீங்கள் வலப்பக்கத்திலிருந்து சர்வீஸ். புள்ளி உங்களுக்கு, 1-0. நீங்கள் இடப்பக்கம் போய் நீங்களே போடுவீர்கள். இப்போது தோற்கிறீர்கள், 1-1. எதிரணியின் புள்ளி ஒன்று, ஒற்றைப்படை, எனவே அவர்களில் இடப்பக்கம் நிற்பவர் போடுவார். இடமாற்றம் இல்லை. அவர்கள் தோற்றால் உங்களுக்கு 2. இரட்டைப்படை, வலப்பக்கம். அங்கே நிற்பவர் தோழி. சர்வீஸ் அவருடையது. ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு, நான்கு புளியங்கொட்டையை நகர்த்திப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தவறான இடத்தில் நின்று ஆடிவிட்டால் எடுத்த புள்ளி நிற்கும், இடத்தை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தின் நடுவில் வரும் தகராறுகள்?

ராக்கெட்டின் சட்டத்தில் பட்டுப் போனால்: செல்லும். வலையை உடலோ ராக்கெட்டோ தொட்டால்: தவறு. வலைக்கு அப்பால் கையை நீட்டி அடித்தால்: தவறு. ஆனால் உங்கள் பக்கத்தில் அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் ராக்கெட் வலைக்கு மேலே தாண்டிப் போகலாம். உடையில் உரசினாலும் உடலில் பட்டதாகவே கணக்கு. வெளியே போகிறது என்று நினைத்து ராக்கெட்டைத் தூக்கும்போது பட்டுவிட்டாலும் புள்ளி எதிராளிக்கு. நடுவர் இல்லாத ஆட்டத்தில் பட்டவரே கையை உயர்த்திச் சொல்லிவிடுவதுதான் எங்கள் அரங்கின் வழக்கம்.

மணிக்கட்டில்தான் பலம் இருக்கிறதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் பலம் முன்கை சுழல்வதில் இருக்கிறது, பூட்டில் சாவியைத் திருப்பும்போது முழங்கைக்குக் கீழே உருளுமே, அந்த அசைவில். மணிக்கட்டை மட்டும் மடக்கி அடித்தால் வலியே மிஞ்சும்.

அந்தச் சுழற்சி வர வேண்டுமானால் பிடி சரியாக இருக்க வேண்டும். புதியவர்களில் பத்தில் எட்டுப் பேர் ராக்கெட்டைத் தோசைத் திருப்பியைப் போலப் பிடிக்கிறார்கள், முகம் தட்டையாக முன்னால் பார்த்தபடி. அந்தப் பிடியில் கை சுழலவே சுழலாது. அரிவாளைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள், விளிம்பு முன்னால் இருக்கட்டும். அடிக்கும் கடைசிக் கணத்தில் முன்கை உருண்டு ராக்கெட் முகத்தைத் திறக்கும், விரல்கள் அப்போது மட்டும் இறுகும். மற்ற நேரமெல்லாம் பிடி தளர்வாகவே இருக்க வேண்டும். சரியாக விழுந்த அடியின் சத்தம் பட்டாசு போலக் கூர்மையாக வரும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட்டால் உங்கள் கை அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. தக்கையின் அகலம் 25 முதல் 28 மி.மீ. கண்குழிக்குள் போய்ப் படும் அளவுதான். இரட்டையரில் வலையருகே நிற்பவர் கூட்டாளி என்ன அடிக்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது, ராக்கெட்டை முகத்துக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

ஒரு கை சரியில்லாதவர், உயரம் குறைந்தவர் ஆட முடியுமா?

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கைக் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவில் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள். உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றார். ஒரு கை ஒத்துழைக்காதபோது சர்வீஸுக்கு ஷட்டிலைப் பிடிப்பதே தனிப் பயிற்சி. துளசிமதியின் ஆட்டத்தைப் பாருங்கள். உடலின் சமநிலையைக் காலால் எப்படி ஈடுசெய்கிறார் என்பது எல்லோருக்கும் பாடம்.

பழைய ஷட்டிலை எப்போது மாற்றுவது? என்ன செய்வது?

ஓர் இறகு முறிந்தாலே காற்றின் இழுப்பு ஒரு பக்கமாகிவிடும், பறக்கையில் தள்ளாடும். அதை வைத்து ஆடினால் உங்கள் கண் தவறான பாதையைப் பழகிக்கொள்ளும். மாற்றிவிடுங்கள். கழித்தவற்றை ஒரு துணிப்பையில் சேர்த்து வையுங்கள். குட்டையான சர்வீஸைப் பயிற்சி செய்வதற்கு ஒன்றிரண்டு இறகு முறிந்தது ஒரு குறையில்லை. நாற்பது ஐம்பது சேர்ந்ததும், அரங்கு காலியாக இருக்கும் ஒரு மதியத்தில், எதிர்ப்பக்கம் முன் சர்வீஸ் கோட்டின் மேல் ஒரு செருப்புப் பெட்டியை வைத்து, அதற்குள் விழும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருங்கள்.